சுட்டலும் உரைத்தலும்: அருங்காட்சியகத்தில் மாணவர் தரும் கலைவிளக்கம் – உரைமரபு நோக்கில் ஒரு மதிப்பீடு

முன்னுரை

அருங்காட்சியகக் கூடத்தில் ஒரு கலைப்படைப்பின் அருகில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிற்கிறார். காண வந்தோர் சிலர் அவரைச் சூழ்ந்து நிற்கின்றனர். அப்படைப்பைப் பற்றி அவர் சிறிது நேரம் பேசுகிறார். கேட்கப்படும் வினாக்களுக்கு விடை கூறுகிறார். இந்நிகழ்வு இன்று பல நாடுகளில் நிலைபெற்ற வழக்கமாகியுள்ளது. 1793 ஆகஸ்டு 10 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்ற பாரிசு லூவர் அருங்காட்சியகம், ‘இனி இளையோர் பேசட்டும்’ எனப் பொருள்படும் பெயரில் மாலை நேரங்களில் மாணவர்களைக் கலைப்படைப்புகளின் முன் பேசச் செய்துள்ளது. 1832இல் நிறுவப்பெற்ற யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில், எத்துறை பயில்பவராயினும் இளநிலை மாணவர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாகின்றனர். ஆர்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகங்களில் மாணவ வழிகாட்டிகள் தாமே ஒரு கருப்பொருளைத் தேர்ந்து அதற்கேற்பப் படைப்புகளை வரிசைப்படுத்திக் காட்டுகின்றனர்.

இந்தியாவிலும் பல்கலைக்கழகத்திற்கும் அருங்காட்சியகத்திற்கும் உள்ள உறவு பழைமையானது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் ஆசுதோஷ் அருங்காட்சியகம் 1937இல் தோன்றியது. பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் அருங்காட்சியகவியல் துறை 1952இல் தொடங்கப்பெற்றது. புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தை ஒட்டி, நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதியுடன் தேசிய அருங்காட்சியக நிறுவனம் 1989இல் அமைந்தது. தேசிய அருங்காட்சியகம் பயிற்றுவித்த தன்னார்வ வழிகாட்டிகளுள் கல்லூரி மாணவர்களும் உண்டு.

மாணவரின் இத்தகைய விளக்கம் எவ்வளவு தகவல் தருகிறது, எவ்வளவு சரளமாக அமைகிறது என்னும் இரண்டு அளவைகளைக் கொண்டே பெரும்பாலும் மதிப்பிடப்படுகிறது. தகவலை அறிவிப்புப் பலகையும் தரும்; சரளத்தை மனப்பாடமும் தரும். ஆகவே இவ்விரண்டு மட்டும் போதிய அளவைகள் ஆகா. பொருளொன்றைக் கேட்போர் முன் வைத்து அதன் பொருண்மையை விரிக்கும் செயலைத் தமிழ்மரபு ‘உரை’ என வழங்கி, அதற்குரிய இலக்கணத்தையும் வகுத்துள்ளது. அவ்விலக்கணத்தைக் கொண்டு மாணவரின் கலைவிளக்கத்தை மதிப்பிடுவதும், புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்திலுள்ள இரு படிமங்களை முன்வைத்து அம்மதிப்பீட்டைச் சோதித்துப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

பரிபாடல் காட்டும் முன்மாதிரி

ஓவியத்தைக் காண்போர்க்கு மற்றொருவர் விளக்கிக் கூறும் காட்சி தமிழ் இலக்கியத்திற்குப் புதியதன்று. திருப்பரங்குன்றத்துச் செவ்வேளைப் பாடும் நப்பண்ணனாரின் பரிபாடல் (19) அக்குன்றத்து ‘எழுத்துநிலை மண்டபத்தை’ வருணிக்கிறது. இரதி, காமன் ஆகியோரின் ஓவியங்களைக் கண்டு சிலர் வினவ, அறிந்தோர் விடை கூறுகின்றனர். வேறு சிலர், பூனை வடிவுகொண்ட இந்திரனையும் அகலிகையையும் கவுதமனையும் அகலிகை கல்லுருவானதையும் ஒவ்வொன்றாகக் காட்டி உரைக்கின்றனர். மண்டபத்தை அணுகுவோர் ஓவியங்களைச் சுட்டுவதையும், சுட்டியவற்றை மற்றவர் அறிவுறுத்துவதையும் புலவர் சேர்த்தே கூறுகிறார்.

இப்பகுதியில் இரண்டு கூறுகள் நோக்கத்தக்கன. முதலாவது, விளக்கம் இருவகையாக நிகழ்கிறது: வினவியவர்க்கு விடையிறுத்தல் ஒன்று, வினவாதபோதும் முன்வந்து உரைத்தல் மற்றொன்று. இரண்டாவது, இருவகையிலும் ‘இவன்’, ‘இவள்’, ‘இது’ என்னும் அண்மைச் சுட்டே பேச்சின் அச்சாக அமைகிறது. அகலிகை கதையை எங்கும் கூறலாம். ‘இவள் அகலிகை’ என்று ஓவியத்தின் முன் நின்றே கூற இயலும்.

இதிலிருந்து மாணவரின் விளக்கத்திற்கு ஓர் எளிய அளவைக் கருவி கிடைக்கிறது. அவர் பேசியதை அப்படைப்பு இல்லாத வகுப்பறையில், ஒரு சொல்லும் மாற்றாமல், மீண்டும் பேச முடியுமாயின் அது அப்படைப்பைப் பற்றிய உரையாகாது. காலம், அரசமரபு, சமயப் பின்னணி ஆகியவற்றை அடுக்கிக் கூறும் பேச்சு பெரும்பாலும் இக்குறையையுடையது. அத்தகைய பேச்சு நிகழும்போது கேட்போரின் பார்வை படைப்பை விட்டு விலகிப் பேசுபவரின் முகத்தில் நிலைத்துவிடுகிறது. அவர்கள் அருங்காட்சியகத்திற்கு வந்ததன் பயனே அங்குக் குறைந்துபோகிறது.

நன்னூல் கூறும் அரைக்கூறு

மாணவர் இன்னும் கற்பவர்; அவர் பிறர்க்கு எடுத்துரைப்பது தகுமா என்னும் தடை எழக்கூடும். கலை வரலாற்றறிஞரோ காப்பாட்சியரோ செய்யவேண்டிய பணியை முதிராத ஒருவரிடம் ஒப்படைப்பது பார்வையாளர்க்கு இழைக்கும் குறை என வாதிடவும் இடமுண்டு.

இத்தடைக்குரிய விடை நன்னூல் பொதுப்பாயிரத்தில் உள்ளது. ஆசிரியர் கூறியதை நன்கு உளங்கொண்ட மாணாக்கனும் புலமையில் காற்கூறே பெறுகிறான் எனப் பவணந்தியார் வரையறுக்கிறார். உடன் பயில்வோரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறு வந்து சேரும். எஞ்சிய அரைக்கூறு, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் உரைத்தலாலேயே நிரம்பும். எனவே எடுத்துரைத்தல், கற்று முடித்தபின் செய்யும் தொண்டாக அங்குக் கருதப்படவில்லை. கற்றலின் செம்பாதியே அதுதான். அருங்காட்சியகத்தில் பேசும் மாணவர் தம் கல்வியின் அப்பாதியைப் பொதுமக்கள் முன்னிலையில் நிறைவு செய்கிறார்.

எனினும் நன்னூலார் வெறுமனே ‘உரைத்தல்’ என்று விடவில்லை. ‘செவ்விதின்’ என அடைகொடுத்தார். செவ்விய உரை யாது என்பதற்கும் அவரே வழிகாட்டுகிறார். உரையின் இயல்புகள் 14 எனத் தொகுக்கும் அவர், ‘பாடம்’ என்பதை முதலில் வைத்தார். மூலத்தின் சொல் இதுதான் என நிறுவாமல் கருத்துக் கூறப்புகுதல் கூடாது என்பது அவ்வைப்புமுறையால் பெறப்படும். அடுத்து, காண்டிகையுரைக்குக் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை ஆகிய ஐந்தும் உரியனவாகின்றன. சிறிது நேரமே கிடைக்கும் கலைவிளக்கத்திற்கு இக்காண்டிகை அளவே பொருந்தும். தாம் படித்த அனைத்தையும் கொட்ட முயலும் மாணவர், விருத்தியுரை இயற்றும் ஆசையால் காண்டிகையையும் இழப்பவராகிறார்.

பாடம் அறிதல்: மொகஞ்சதாரோப் படிமம்

தேசிய அருங்காட்சியகத்தின் சிந்துவெளிக் கூடத்திலுள்ள செப்புக்கலவைப் பெண் படிமம் 1926இல் மொகஞ்சதாரோவில் கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்கு முற்பட்ட இதன் உயரம் ஏறக்குறைய 10.5 செ.மீ. மட்டுமே. ‘ஆடும் பெண்’ என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்படுகிறது.

இப்படிமத்தின் முன் நிற்கும் மாணவருக்குப் ‘பாடம்’ என்பது கண்ணுக்குத் தெரிவதே. வலக்கை இடுப்பில் ஊன்றியுள்ளது. இடக்கை வளையல்களால் ஏறத்தாழ முழுவதும் மூடப்பட்டுள்ளது. வலக்கையில் சில வளையல்களே உள்ளன. முகம் சற்று நிமிர்ந்திருக்கிறது. கொண்டை ஒருபுறமாகத் தோள்மீது சரிந்துள்ளது. பாதங்கள் உடைந்து போயின. இவ்வளவுதான் மூலம். ‘ஆடுகிறாள்’ என்பது மூலத்தில் இல்லை. ஜான் மார்ஷல் காலத்து அகழாய்வாளர், தம் காலத்து வட இந்திய ஆட்டக்காரியரை நினைந்து கொண்ட கருத்து அது. பின்னர் அக்கருத்தே பெயராகிப் பெயரே பாடமாகவும் ஆயிற்று.

பெயரை மட்டும் அறிந்த மாணவர், சிந்துவெளியில் நடனக்கலை செழித்திருந்தது என்று தொடங்கிவிடுவார். உரைமரபில் பயின்றவரோ முதலில் கேட்போரிடம் வினவுவார்: இப்பெண் ஆடுகிறாளா, நிற்கிறாளா? அவ்வினா எழுந்தவுடன் ஒவ்வொருவரும் படிமத்தை மீண்டும் நோக்குவர். இடுப்பில் ஊன்றிய கையைச் சிலர் ஆடலின் தொடக்கமாகக் காணலாம். சிலர் அதில் செருக்கையோ காத்திருத்தலையோ காணலாம். அதன்பின் பெயர் வந்த வரலாற்றை மாணவர் கூறும்போது, பெயர் ஓர் உரையே எனவும், உரைகள் மறுக்கத்தக்கன எனவும் கேட்போர் உணர்கின்றனர். காண்பது எது, சான்றால் அறிவது எது, கருதிக்கொள்வது எது என்னும் வேறுபாட்டைப் பொதுமக்கள் முன்னிலையில் காட்டுவதே இங்குச் செய்யத்தக்க திறனாய்வாகும். பிறர் கொண்ட வேறு உரைகளையும் எடுத்துக்காட்டித் தம் துணிவை நிறுவும் பரிமேலழகர், சேனாவரையர் முதலியோரின் முறையும் இதுவே.

மனப்பாடமும் காட்சியும்: திருவரங்குளம் ஆடவல்லான்

அதே அருங்காட்சியகத்திலுள்ள சோழர் காலச் செப்புத் திருமேனிகளுள் புதுக்கோட்டை மாவட்டத் திருவரங்குளத்தைச் சார்ந்த ஆடவல்லான் படிமம் சிறப்பிடம் பெறுவது. 10ஆம் நூற்றாண்டைச் சார்ந்த இத்திருமேனி ‘சதுர’ நிலையில் ஆடுவது. முழங்கால்கள் வளைந்திருக்க, பாதங்கள் இரண்டும் கீழே அமைந்துள்ளன. தில்லைக் கூத்தின் தூக்கிய திருவடி இதில் இல்லை.

ஆடவல்லானைப் பற்றிப் பேச முற்படும் எந்த மாணவரிடமும் ஒரு விளக்கம் ஆயத்தமாக உள்ளது. துடி படைத்தலையும், அமைந்த கை காத்தலையும், தீ அழித்தலையும், ஊன்றிய பாதம் மறைத்தலையும், தூக்கிய பாதம் அருளலையும் குறிக்கும் என்பது அவ்விளக்கம். 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த மனவாசகங்கடந்தாரின் உண்மை விளக்கம் இதனைத் தெளிவுறக் கூறுகிறது. 1918இல் நூலாக வெளிவந்த ஆனந்த குமாரசுவாமியின் கட்டுரைத் தொகுப்பு இதனை உலகறியச் செய்தது. ஆழ்ந்த பொருளுடைய இவ்விளக்கத்தை மாணவர் கூறுவதில் தவறில்லை. ஆனால் திருவரங்குளத்துப் படிமத்தின் முன் நின்று தூக்கிய பாதம் அருள்தரும் என்று அவர் ஒப்பிப்பாராயின், பார்வையாளருள் ஒரு சிறுவனேனும் அப்பாதம் எங்கே என்று கேட்பான்.

அவ்வினாவே அன்றைய உரையின் மிகச்சிறந்த தருணமாக மாறக்கூடும். அப்பர் பெருமானின் பாடலில் எடுத்த பாதம் இடம்பெறுவதால் அவ்வடிவம் பற்றிய எண்ணம் 7ஆம் நூற்றாண்டிலேயே தமிழகத்தில் வேரூன்றியிருந்தது தெளிவு. எனினும் சோழர் காலத்துச் சிற்பியர் பல ஆடல் நிலைகளை வார்த்தனர்; அவற்றுள் ஒன்றே பிற்காலத்தில் ஏனையவற்றை மறைக்குமளவு புகழ்பெற்றது. சாத்திரம் வகுத்த பொருள் பிந்தியது, படிமம் முந்தியது. தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநராகப் பணியாற்றியவரும், 1974இல் ஆடவல்லான் வடிவம் குறித்து விரிவான நூலை வெளியிட்டவருமான சி. சிவராமமூர்த்தி, இவ்வடிவ வேறுபாடுகளைத் தொகுத்துக் காட்டியவர். மனப்பாடத்தை மறுக்கும் ஒரு படிமத்தின் முன் தம் மனப்பாடத்தை விட்டுக்கொடுக்கும் மாணவரே நன்னூல் கூறிய அரைக்கூறைப் பெறுகிறார்.

கோயிலும் கண்ணாடிப் பேழையும்

செப்புத் திருமேனிகள் விழாக்காலங்களில் உலா எழுந்தருள்வதற்கென வார்க்கப்பட்டவை. கோயிலில் பட்டும் மாலையும் அணிகலனும் சாத்தப்பெற்ற நிலையில் முகமும் கைகளும் திருவடிகளுமே அடியார்க்குப் புலனாகும். சிற்பியின் கைவண்ணம் முழுமையும் தெரியுமாறு உலோக உருவம் மட்டும் விளக்கொளியில் நிற்பது அருங்காட்சியகம் தந்த புதிய காட்சியாகும். மெய்ப்பாட்டையும் இடையின் வளைவையும் புகழும் மாணவர், அவை கோயிலில் அவ்வாறு காணப்படவில்லை என்பதையும் உடன் கூறவேண்டும். கூறாவிடின், அருங்காட்சியகத்தில் காணும் வடிவமே மூலவடிவம் எனக் கேட்போர் மயங்குவர்.

இங்கு ஒரு நுட்பமான இடர்ப்பாடும் உண்டு. படிமத்தின் முன் கைகூப்பி நிற்கும் பார்வையாளருக்கு அது கலைப்பொருளாவதற்கு முன்பே தெய்வம். அவர் நிற்கும் அந்த நேரத்தில் உலோகக் கலவை பற்றிய பேச்சு இடையூறாகவே அமையும். மாணவர் சிறிது வாளாவிருப்பதும் உரையின் ஒரு பகுதியே. அவ்வணக்கம், படிமம் எதற்காகச் செய்யப்பட்டதோ அதனைக் காட்டும் உயிர்ச்சான்றாகும். பக்தியைப் பழித்து ஆய்வைப் போற்றுவதோ, ஆய்வைத் தவிர்த்துப் பக்தியையே மொழிவதோ செவ்விய உரையாகாது.

இடம்பெயர்ந்த வரலாறும் உரைக்குரியதே. இதன் இன்றியமையாமையை அரியலூர் மாவட்டச் சிறீபுரந்தான் ஆடவல்லான் படிமம் காட்டுகிறது. கோயிலிலிருந்து களவுபோன அத்திருமேனியை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் விலைக்கு வாங்கியது; 2014 செப்டம்பரில் அது இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அதன் முன் நின்று அழகை மட்டும் விரித்துரைத்த எந்த விளக்கமும், எவ்வளவு நயமுடையதாயினும், குறையுடையதே. ‘இது எங்கிருந்து, எவ்வாறு இங்கு வந்தது?’ என்னும் வினாவை ஒவ்வொரு படிமத்தின் முன்னும் எழுப்ப மாணவரைப் பயிற்றுதல் வேண்டும். நிறுவனத்தின் ஊதியம் பெறாத மாணவர்க்கு இவ்வினாவை எழுப்புவது எளிது. அவர்தம் உரையின் தனிமதிப்பும் அதில் உள்ளது.

மாட்டும் வழிகாட்டிச் சுற்றும்

ஒரே படைப்பின் முன் நிற்காது பல படைப்புகளை இணைத்துச் செல்லும் சுற்றுகளில் வேறொரு குறை நேர்கிறது. பெண்மை, இயற்கை, அதிகாரம் என ஒரு கருப்பொருளை முன்னரே கொண்டு, அதற்கேற்பப் படைப்புகளை மாணவர் தேர்ந்தெடுக்கிறார். சுற்று நயமாக அமைகிறது. ஆனால் ஒவ்வொரு படைப்பும் கருப்பொருளுக்கு உரிய ஒரு கூறை மட்டும் தந்து, ஏனையவற்றை இழந்து நிற்கிறது.

தமிழ் உரைவரலாற்றில் இதற்கு இணையான நிகழ்வு நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டிற்குக் கொண்ட ‘மாட்டு’ முறையாகும். தொலைவிலுள்ள அடிகளை எடுத்து இணைத்துத் தாம் கருதிய பொருள் தொடர்ச்சியை அவர் உருவாக்கினார். மறைமலையடிகள் தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் இம்முறையைக் கடுமையாக மறுத்து, பாட்டு நின்ற முறையிலேயே பொருள் காண முற்பட்டார். நச்சினார்க்கினியரின் புலமை ஐயத்திற்கிடமற்றது. அப்புலமையே மூலத்தின் வரிசையை மீறத் துணிவளித்தது. ஆதலின் மாட்டு, கல்லாதார் குறையன்று. கற்றோர்க்கு நேரும் குறை. கருப்பொருள் சுற்றுகளை அமைக்கும் திறமையான மாணவர்க்கே இவ்வெச்சரிக்கை மிகுதியும் தேவைப்படுகிறது. தம் கருப்பொருளுக்கு உடன்படாத ஒரு படைப்பையேனும் சுற்றில் சேர்த்து, அது உடன்படாத காரணத்தையும் கூறுதல் இக்குறைக்கு மருந்தாக அமையும்.

கேட்போர் என்னும் அளவுகோல்

உரையின் உண்மையை முடிவு செய்வோர் யார் என்னும் வினாவிற்கு இறையனார் களவியல் உரையின் கதை ஒரு விடை தருகிறது. பலரும் உரை கண்டபோது மெய்யுரை எதுவெனத் தெளிவதற்கு நடுவனாக அமர்த்தப்பட்டவன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயது ஊமைச் சிறுவன். மருதனிளநாகனார் உரையைக் கேட்டபோது சில இடங்களிலும், நக்கீரர் உரையைக் கேட்டபோது எல்லா இடங்களிலும் அவன் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்து இருந்தான் என்பது வரலாறு. புலவர் நிறைந்த அவையில், பேச இயலாத ஒரு கேட்பாளனின் மெய்யே உரைகளை அளந்தது.

அருங்காட்சியகத்திற்கு வருவோருட் பெரும்பாலோர் வினவுவதில்லை. தம் கருத்தை மொழிவதுமில்லை. எனினும் ஒரு சொல்லைக் கேட்டவுடன் படிமத்தை நோக்கி ஓரடி முன்வருதல், குனிந்து பார்த்தல், உடன்வந்தவருக்கு ஓரிடத்தைச் சுட்டிக்காட்டுதல் ஆகிய மெய்க்குறிப்புகள் அவர்களிடம் தோன்றும். மாணவர் படிக்கவேண்டிய இரண்டாவது மூலம் இக்குறிப்புகளே. கேட்டவர் தாமே சுட்டத் தொடங்கும்போது, பரிபாடல் மண்டபத்தில் நிகழ்ந்தது மீண்டும் நிகழ்கிறது. பரிசில் பெற்றவர் பெறாதவர்க்கு வழிகூறி அவரைச் செல்லவிடும் ஆற்றுப்படையின் இயல்பும் இதனோடு ஒப்பிடத்தக்கது. வழி கூறியவர் உடன் செல்வதில்லை; காணவேண்டியவர் தாமே சென்று காண்கிறார்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால், மாணவரின் கலைவிளக்கத்தைத் தகவல் வழங்கும் பணியாகக் கொள்ளாமல் உரைச்செயலாகக் கொள்ளவேண்டும் என்பது பெறப்படுகிறது. படைப்பைச் சுட்டாமல் பேச இயலாத பேச்சாக அமைதல், பாடத்தையும் கருத்தையும் வேறுபடுத்துதல், காட்சி மறுக்கும் மனப்பாடத்தைக் கைவிடுதல், படைப்பு வந்த வழியை மறைக்காமை, கேட்போர் தாமே காண இடமளித்தல் ஆகியன அதற்குரிய அளவைகளாகும்.

இம்மதிப்பீட்டில் தமிழ்த்துறைகளுக்கும் ஒரு பங்கு உண்டு. தமிழகத்துக்கு வெளியேயுள்ள அருங்காட்சியகங்களில் சோழர் செப்புத் திருமேனிகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் விளக்கப்படும்போது, முயலகன், திருவாசி, துடி, உலாத்திருமேனி முதலிய சொற்கள் ஒலிக்காமலே போகக்கூடும். அச்சொற்களோடு அவற்றைப் பாடிய திருமுறை மரபும் அக்கூடத்திலிருந்து நீங்கிவிடும். சிற்பநூல் பயின்ற மாணவர் அறியாத இப்பகுதியை நிரப்பத்தக்கவர், பரிபாடலும் தேவாரமும் நன்னூலும் கற்ற தமிழ் மாணவரே. எனினும் அவர்களின் பாடம் பெரும்பாலும் தேர்வுத்தாளோடு நின்றுவிடுகிறது. ஒரு பருவத்தில் ஒரு முறையேனும், தத்தம் நகரத்து அருங்காட்சியகத்தில் ஒரு படிமத்தின் முன் நின்று, அறியாத பத்துப்பேர்க்கு, அவர்கள் மொழியில், தமிழ்ச்சொல் கெடாமல் உரைக்கும் பயிற்சியைத் தமிழ்த்துறைகள் பாடத்திட்டத்தில் சேர்த்தல் வேண்டும். நன்னூல் கூறிய அரைக்கூறு அப்பத்துப்பேர் நடுவிலேயே நிரம்பும்.